மழை நாளில் பிள்ளைகளோடு எங்கே போவது, வந்து என்ன சுடுவது? (தருமபுரி பக்கம்)

மழைத்தூறல்_தருமபுரி:

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் தருமபுரி டவுனில் இருக்கிறோம். பிள்ளைகள் இரண்டு பேர், பெரியவளுக்கு 9 வயது, சின்னவனுக்கு 5. ஐப்பசி பிறந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வந்தால் மழையும் கூடவே வந்துவிடுகிறது. எனக்கு மழை என்றால் உயிர். சின்ன வயதில் பென்னாகரம் பக்கம் அம்மாயி (அம்மாவின் அம்மா) ஊரில் மழை விட்டதும் ஏரிக்கரைக்கு ஓடி, கால் முழுக்கச் சேறோடு திரும்பி வந்து, அடுப்பு முன்னால் உட்கார்ந்து எதையாவது சூடாகத் தின்ற ஞாபகம் இன்னும் அப்படியே இருக்கிறது. என் பிள்ளைகள் ஜன்னலில் நின்று கொஞ்ச நேரம் மழையைப் பார்க்கிறார்கள், அப்புறம் போனை எடுத்துக்கொள்கிறார்கள். மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அதனால் இரண்டு கேள்வி. ஒன்று, அரை நாளில் போய் வருகிற மாதிரி மழைக்காலத்தில் எங்கே கூட்டிப் போகலாம்? இரண்டு, திரும்பி வந்ததும் வீட்டில் கேக் சுட்டுக் கொடுக்க ஆசை, போன வருஷம் ஒரு சின்ன ஓவன் வாங்கினேன், வெயில் நாளில் நன்றாக வருகிற கேக் மழை நாளில் மட்டும் நடுவில் குழி விழுந்து அடியில் களி மாதிரி இருக்கிறது. ஒரு தடவை பாதியில் கரண்ட் போனது, சரி. இன்னொரு தடவை கரண்ட் இருந்தும் அப்படித்தான். ஏன்?

காவிரிக்கரை:

ஒகேனக்கல் போங்கள். மழையில் அருவி பார்க்க அவ்வளவு அழகு.

பாலக்கோட்டான்:

மேலே சொன்ன நண்பருக்கு ஒரு வார்த்தை. ஒகேனக்கல் எனக்கும் பிடிக்கும், ஆனால் அங்கே வருகிற தண்ணீருக்கும் தருமபுரியில் பெய்கிற மழைக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. அது குடகிலும் வயநாட்டிலும் பெய்து, கர்நாடகத்தில் கிருஷ்ணராஜ சாகர், கபினி அணைகள் நிரம்பி வருகிற தண்ணீர். அதனால் இங்கே வெயில் காய்கிற ஆடி மாதத்திலும் திடீரென்று வெள்ளம் வரும். காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழைகிற பிலிகுண்டுலுவில் அளக்கும் நீர்வரத்து ஏறினால் பரிசலையும் குளிப்பதையும் நிறுத்திவிடுவார்கள். 5 வயதுப் பையனோடு கிளம்புவதற்கு முன் காலைச் செய்தியில் நீர்வரத்து எவ்வளவு என்று பார்த்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால், சகோதரி, நீங்களே பதிலை எழுதிவிட்டீர்கள். அம்மாயி ஊருக்கே போங்கள். ஐப்பசியில் நம் பக்கம் காட்டில் கேழ்வரகு கதிர் பிடித்து நிற்கும், மானாவாரியில் கடலைக்காய் பிடுங்கிக்கொண்டிருப்பார்கள், மொச்சை பூவும் பிஞ்சுமாக வேலியில் படர்ந்திருக்கும். மழை பெய்யும்போது போகாதீர்கள், விட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போங்கள். அப்போதுதான் நத்தை நகர்வதையும் வரப்பில் நண்டு வளை தோண்டுவதையும் பிள்ளைகள் பார்ப்பார்கள். சாயங்காலம் வரை இருந்தால் புற்றிலிருந்து ஈசல் கிளம்பும். நாங்கள் விளக்கு வைத்துப் பிடித்து, றெக்கையைப் புடைத்துத் தள்ளிவிட்டு, அரிசியோடு வறுத்துத் தின்போம், இன்றைக்கும் எங்கள் வீட்டில் அது உண்டு. காளான் மட்டும், கூட வருகிற பெரியவர்களுக்குத் தெரிந்ததாக இருந்தாலொழிய, தொட விடாதீர்கள்.

வத்தல்மலை பற்றி யாராவது சொல்வார்கள். நல்ல இடம், காபியும் மிளகும் விளைகிற மலை, மேகம் கையில் தொடுகிற மாதிரி வரும். ஆனால் விடாமல் பெய்த மறுநாள் அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏற நான் போகமாட்டேன். இரண்டு மூன்று நாள் காயட்டும்.

ஊத்தங்கரை_அக்கா:

தம்பி சொன்னதோடு நான் ஒன்று சேர்க்கிறேன். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் சமயம் எங்கள் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. சாலையோரம் நின்ற வேனையும் காரையும் வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது. நம்மது வறண்ட பூமி என்று நினைத்தே வளர்ந்தவர்கள் நாங்கள், அன்றைக்குப் பிறகு அந்த நினைப்பு போய்விட்டது. அதனால் பாப்பா, ஏரி நிரம்பிக் கோடி போகிறது என்று தெரிந்தால், தண்ணீர் வழிகிற அந்தக் கோடிப் பக்கம் பிள்ளைகளை இறக்காதே, தள்ளி நின்று பார்த்தால் போதும். தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடினால் வண்டியைத் திருப்பிவிடு, முழங்கால் ஆழம்தானே என்று யார் சொன்னாலும் கேட்காதே. இடி இடிக்கும்போது புளியமரத்தடியில் நிற்க வேண்டாம்.

அப்புறம், ஓவன் இல்லாமலும் சுடலாம். அம்மாயி வீட்டில் விறகு அடுப்பு இருந்தால் எரிந்து முடிந்த தணலில், சாம்பலுக்கு அடியில் சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் புதைத்து வை. கிழங்கின் பருமனைப் பொறுத்து அரை மணி முதல் முக்கால் மணி, நடுவில் ஒரு தடவை திருப்பிவிடு. தோல் கருகி, உள்ளே தேன் மாதிரி ஆகிவிடும். பலாக்கொட்டை, மக்காச்சோளம் எல்லாம் அதே தணல்தான். பிள்ளைகளே குச்சியால் கிளறி எடுக்கட்டும், அதில் இருக்கிற சந்தோஷம் கடை கேக்கில் கிடையாது.

ராகிமாவு_கிருஷ்ணகிரி:

கேக் கேள்விக்கு நான் வருகிறேன். நான் வீட்டிலிருந்து ஆர்டர் எடுத்துச் செய்கிறவள், மழைக்காலம் எனக்கு நன்றாகப் பழக்கம்.

மழை நாளில் மாவும் நாட்டுச்சர்க்கரையும் ஈரம் கோர்த்துக்கொள்ளும். அதே அளவு பால் விட்டால் மாவு தளர்ந்துபோகும், அடியில் களி ஆவது அதனால். பாலை மொத்தமாக ஊற்றாமல் கடைசி இரண்டு கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, இட்லி மாவுப் பதம் வந்ததும் நிறுத்துங்கள். அடுத்தது பேக்கிங் பவுடர். டப்பாவை அடிக்கடி திறந்தால் காற்றில் இருக்கிற ஈரத்துக்கே அது வேலை செய்து தீர்ந்துவிடும். ஒரு ஸ்பூன் பவுடரைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுப் பாருங்கள், நுரைத்துப் பொங்கவில்லை என்றால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள். உங்கள் குழிக்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

கரண்டை நம்பாதீர்கள், குக்கரில் சுடுங்கள். பழைய குக்கர், கேஸ்கட்டும் வெயிட்டும் எடுத்துவிட வேண்டும், அடியில் ஒரு டம்ளர் கல்லுப்பு, மேலே ஒரு ஸ்டாண்ட். தண்ணீர் ஊற்றக் கூடாது. மூடி 10 நிமிடம் சூடாக்கி, கேக் பாத்திரத்தை உள்ளே வைத்து, சின்னத் தீயில் 40 முதல் 45 நிமிடம். 35 நிமிடம் வரை திறக்கவே வேண்டாம். அப்புறம் சுத்தமான ஈர்க்குச்சியைக் குத்திப் பாருங்கள், மாவு ஒட்டாமல் வந்தால் இறக்கலாம்.

நம்ம ஊர் மாவிலேயே செய்யுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். முக்கால் கப் கேழ்வரகு மாவை வாசம் வரும்வரை வறுத்து ஆறவைத்து, முக்கால் கப் கோதுமை மாவோடு சலியுங்கள். கேழ்வரகில் பசைத்தன்மை இல்லை, தனியாகப் போட்டால் உதிரும், அதற்குத்தான் கோதுமை. ஒரு ஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை ஸ்பூன் சோடா, சிட்டிகை உப்பு, ஏலக்காய். இன்னொரு பாத்திரத்தில் முக்கால் கப் தயிர், ஒரு கப் நாட்டுச்சர்க்கரை, அரை கப் எண்ணெய், கடைசியில் அரை கப் பால் வரை. ஒன்றாகச் சேர்த்த பிறகு ரொம்ப நேரம் கலக்காதீர்கள். மேலே வறுத்த கடலைக்காய்ப் பருப்பைத் தூவினால் பிள்ளைகள் விடமாட்டார்கள். ஆறியதும் எவர்சில்வர் டப்பாவில் இறுக்கி மூடிவிடுங்கள். பிஸ்கட் சுட்டாலும் அப்படித்தான், வெளியே வைத்தால் ஒரே ராத்திரியில் நமுத்துப்போகும்.

மழைத்தூறல்_தருமபுரி:

போய் வந்தோம்! காலையில் மழை விட்டதும் பஸ் பிடித்து அம்மாயி ஊர், நானும் அவரும் பிள்ளைகளும். அம்மாயி இப்போது இல்லை, மாமா வீட்டில் இருந்தோம். ஏரி இன்னும் பாதிதான். சின்னவன் நண்டு வளை முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தவன் அரை மணி நேரம் எழவே இல்லை, பெரியவள் அத்தையோடு கடலைக்காய் ஆய்ந்தாள், ஒரு படி கையில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். இரண்டு பேரும் போன் கேட்கவில்லை.

அக்கா, கிழங்கு இரண்டு கருகிவிட்டது, மூன்று நீங்கள் சொன்ன மாதிரியே வந்தது. என் பேக்கிங் பவுடர் வெந்நீரில் அசையவே இல்லை, வரும் வழியில் புதிது வாங்கினேன். இப்போது வெளியே மறுபடியும் மழை, கரண்டும் இல்லை, குக்கரில் 30 நிமிடம் ஆகிறது. கேழ்வரகு வாசம் வாசல் வரை வருகிறது. பெரியவள் ஈர்க்குச்சியோடு பக்கத்திலேயே நிற்கிறாள், இன்னும் 5 நிமிடம் திறக்கக் கூடாது என்று பிடித்து வைத்திருக்கிறேன்.