நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வருகிறார், என்ன சொல்வது?

மீனா (திண்டுக்கல்):
அக்கா மகனுக்கு 16 வயது. பத்தாவதில் இரண்டு பாடம் போனதும் படிப்பை விட்டுவிட்டான். எங்கள் தெருப் பெரிய பையன்கள் இரண்டு பேரோடு பைக் திருட்டில் மாட்டிக்கொண்டான். 18 வயது ஆகாதவர்கள் வழக்கை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம் அவனை ஜாமீனில் அக்காவிடம் ஒப்படைத்துவிட்டது. சனிக்கிழமை நன்னடத்தை அலுவலர் விசாரிக்க வருகிறார். மாமா குடிப்பதையும், பையன் ராத்திரி வீடு தங்காததையும் சொல்லவே கூடாது என்கிறார்கள் சொந்தக்காரர்கள். சொன்னால் உள்ளே போட்டுவிடுவார்களா?

தமிழரசி:
மறைக்காதீர்கள் மீனா. வழக்கு முடியும்வரை சிறுவர்களைத் தங்கவைக்கும் கூர்நோக்கு இல்லத்தில் ஆற்றுப்படுத்துநராக (கவுன்சிலிங் தருபவராக) இருந்தவள் என்பதால் சொல்கிறேன். அவர் எழுதப்போவது சமூக விசாரணை அறிக்கை. பையனை முதலில் ஆஜர்படுத்திய நாளிலிருந்து 15 நாளுக்குள் குழுமத்துக்குப் போக வேண்டும். திருடினானா இல்லையா என்று முடிவு செய்வது அவர் வேலை இல்லை. வீட்டு நிலைமை, படிப்பு எங்கே நின்றது, யாரோடு சுற்றுகிறான், இதைத்தான் கேட்பார். பையன் திருந்தி முன்னேற என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதும் தனிநபர் பராமரிப்புத் திட்டம் இதை வைத்துத்தான் உருவாகும். ‘நல்ல குடும்பம், தங்கமான பையன்’ என்று எழுதிப் போனால் திட்டத்தில் எழுத என்ன இருக்கும்?

ஒரு பையனின் அம்மாவுக்கு ஸ்பின்னிங் மில்லில் நைட் ஷிஃப்ட். ராத்திரி வீட்டில் ஆளில்லை என்பதை அந்த அம்மா வெகுநாள் சொல்லவே இல்லை. சொன்ன பிறகுதான் பாட்டி வீட்டில் படுக்க ஏற்பாடு செய்தோம். அதோடு தெரு சகவாசம் விட்டது.

ஜாமீன் பயம் நியாயம்தான். கெட்ட சகவாசத்தில் விழுவான், அவனுக்கே ஆபத்து என்று நம்பக் காரணம் இருந்தால் மறுக்கச் சட்டத்தில் இடமுண்டு. அதனால் குறையைச் சொல்லும்போதே, ராத்திரி எங்கே தங்குவான், யார் பொறுப்பு என்பதையும் சொல்லுங்கள்.

வக்கீல் குமார்:
பெரியவர்கள் வழக்கோடு சேர்த்து இவனை விசாரிக்க முடியாது. வெறும் திருட்டு என்றால் சிறு குற்றம். விசாரணைக்கு 4 மாதம், நீட்டித்தால் இன்னும் 2 மாதம், அதற்குள் முடியாவிட்டால் வழக்கைக் கைவிட வேண்டும். வாய்தாவைத் தவறவிடாதீர்கள். வக்கீலுக்குக் காசில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள்.

மீனா:
நன்றி அக்கா, நன்றி அண்ணா. அப்பா பக்கத்தில் இருந்தால் அவன் வாயே திறக்க மாட்டானே?

தமிழரசி:
தனியாகப் பேசச் சொல்லி அலுவலரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். அப்புறம், டிசி, மார்க் ஷீட் எல்லாம் எடுத்து வையுங்கள். எட்டாவது தேறியிருந்தாலே ஐடிஐயில் வெல்டர், ஒயர்மேன் படிக்கலாம். அவனுக்கு எது பிடிக்கும் என்று இன்றைக்கே கேளுங்கள்.