ஜொனாதன் க்ரீக்: விடையை முதலிலேயே காட்டிவிட்டால் அப்புறம் என்ன மிச்சம்?

டஃபிள்கோட் (வெள்ளி, இரவு 10.15)

மூன்று வாரமாக ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒவ்வொன்றாகப் பார்த்து, ஜொனாதன் க்ரீக் 32 பகுதிகளையும் மறுபடி முடித்துவிட்டேன். பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: பிபிசியில் 1997 மே மாதம் தொடங்கிய துப்பறியும் தொடர். நாயகன் போலீஸும் இல்லை, வக்கீலும் இல்லை. ஆடம் க்ளாஸ் என்கிற ஜம்பக்கார மேடை மேஜிக்காரனுக்குத் திரைக்குப் பின்னால் இருந்து வித்தைகளை யோசித்துக் கொடுக்கிறவன். பரட்டைத் தலை, டஃபிள் கோட், குடியிருப்பது ஒரு பழைய காற்றாலையில். மனிதர்களோடு பேசவே சங்கடப்படுகிற ஆள். பூட்டிய அறைக்குள் பிணம், நாலு பேர் பார்க்க மாயமாகிற கொலைகாரன் என்று நடக்கவே முடியாத குற்றங்கள் இவனிடம் வந்து சேரும்.

என் வழக்கு 2014இல் வந்த ஐந்தாம் சீசனின் முதல் பகுதி மீது. லண்டன் வெஸ்ட் எண்டில் ஓடும் ஓர் இசை நாடகத்தின் நாயகி, உள்ளே பூட்டிய ஒப்பனை அறையில் கத்திக்குத்துக் காயத்தோடு கிடக்கிறாள். அருமையான புதிர். ஆனால் அது எப்படி நடந்தது என்பதை நமக்கு ஆரம்பத்திலேயே காட்டிவிடுகிறார்கள்! மிச்ச நேரமெல்லாம் ஜொனாதன் அதைக் கண்டுபிடிப்பதை நாம் கொட்டாவி விட்டபடி பார்க்க வேண்டும். 17 வருடம் கட்டிய வீட்டை எழுதியவரே இடித்த மாதிரி இருந்தது. இதை ஆதரிக்க யாராவது இருக்கிறீர்களா?

மேடிகட்சி (வெள்ளி, இரவு 10.52)

அண்ணே, இடிந்த வீட்டுக்கு 2014இல் ஏன் அழுகிறீர்கள்? வீடு 2000இலேயே போய்விட்டது. கரோலின் க்வென்டின் மூன்றாம் சீசனோடு விலகினார், கதை முடிந்தது.

அவர் செய்த மேடி மகெல்லன் பாத்திரம் இல்லாமல் ஜொனாதன் பாதி ஆள்தான். அவள் பத்திரிகைக்காரி, கூசாமல் பொய் சொல்லுவாள், யார் வீட்டுக்குள்ளும் நுழைவாள். அவன் நுழைய மாட்டான். அவள் இழுத்துக்கொண்டு போனால்தான் அவனுக்குக் கதையே உண்டு. பின்னால் வந்த கார்லாவும் ஜோயியும் நல்ல நடிகைகள் செய்த பாத்திரங்கள், குறை சொல்லவில்லை. ஆனால் அவனை வெளியே இழுக்கிற பசி அவர்களிடம் இல்லை. கடைசியில் அவனுக்குக் கல்யாணம் செய்துவைத்து, கம்பெனி வேலையும் கொடுத்து, கோட்டு சூட்டும் மாட்டிவிட்டார்கள். காற்றாலையில் இருந்தவனைக் கிராமத்து வீட்டில் மனைவியோடு குடித்தனம் வைத்தால் அவன் எதற்கு ஜொனாதன் க்ரீக்?

சீட்டுக்கட்டு (சனி, காலை 7.30)

நான் ஆதரிக்கிறேன். கல்யாண வீடுகளில், பிறந்தநாள் விழாக்களில் மேஜிக் காட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ஒரு முறை அக்கா பையனுக்குக் காசு மறையும் வித்தையைக் காட்டினேன். வாய் பிளந்தான். எப்படி, எப்படி என்று இரண்டு நாள் பின்னாலேயே சுற்றினான். பாவமாக இருந்தது, சொல்லிக் கொடுத்தேன். "அவ்வளவுதானா மாமா?" என்றான். அதற்கப்புறம் என்னை அவன் பார்த்த பார்வை வேறு. எந்த வித்தையின் ரகசியமும் அவ்வளவுதான். ஒரு நூல், ஒரு கண்ணாடி, ஓர் இரட்டை அடிப்பாகம். அல்லது முன்கூட்டியே செய்து வைத்த ஒரு வேலை.

ஜொனாதன் க்ரீக்கின் அடிப்படையே இதுதான். மற்ற துப்பறிவாளர்கள் "யார் செய்தது?" என்று தொடங்குவார்கள். இவன் மேடை ஆள், "இந்த வித்தையை நான் செய்வதென்றால் எப்படிச் செய்வேன்?" என்று தொடங்குவான். தொடருக்கு மேஜிக் ஆலோசகராக இருந்தவர் அலி பொங்கோ. மேடையில் பெயர் எடுத்த மற்ற மேஜிக்காரர்களுக்குப் பின்னால் இருந்து யோசனை கொடுத்தவர், மேஜிக் சர்க்கிள் சங்கத்தின் தலைவராகவும் இருந்தவர். அதனால் தொடரில் வரும் விடைகளில் மேடை வாசனை இருக்கும்.

2014 பகுதி செய்தது என்ன? பார்வையாளரைத் திரைக்குப் பின்னால் நிற்க வைத்தது. ரகசியம் தெரிந்தபின், ஊர் எப்படி ஏமாறுகிறது என்று பார்ப்பது தனிச் சுகம். அதை எங்கள் தொழிலில் உள்ளவன் மட்டும்தான் அனுபவிக்க முடியும். ஒரு மணி நேரத்துக்கு அதை எல்லோருக்கும் கொடுத்தார் தொடரை எழுதிய டேவிட் ரென்விக்.

டஃபிள்கோட் (சனி, காலை 9.05)

நல்ல வாதம், ஆனால் ஒப்பவில்லை. அமெரிக்கத் துப்பறியும் தொடரான கொலம்போவும் கொலைகாரனை முதலிலேயே காட்டிவிடும். அங்கே நமக்கு வேறு கேள்வி இருக்கிறது: இந்தக் கசங்கிய மழைக்கோட்டு மனிதர் அந்தப் பெரிய மனிதனை எப்படி மடக்கப் போகிறார்? யார் என்பதைக் கொடுத்துவிட்டு எப்படி மாட்டுவான் என்பதை வைத்துக்கொள்கிறார்கள். ஜொனாதன் க்ரீக்கில் முதல் நாளிலிருந்து இருந்தது "எப்படி நடந்தது" என்கிற ஒரே கேள்விதான். யார், ஏன் எல்லாம் அதற்குப் பின்னால்தான். அந்த ஒன்றையும் முதல் பந்தியிலேயே பரிமாறிவிட்டால் அப்புறம் இலையில் என்ன இருக்கும்?

உங்கள் அக்கா பையன் கதை என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்கிறது. அந்த இரண்டு நாள் சுற்றினானே, அந்த இரண்டு நாள்தான் ஐயா தொடர்!

தேம்ஸ்கரை (சனி, மதியம் 2.40)

முதல் சீசன் வந்தபோது நான் லண்டனில் மாணவி. சனிக்கிழமை இரவு, விடுதிப் பொது அறையில் ஒரே தொலைக்காட்சி. அந்த எலும்புக்கூட்டு நடன இசை (சான்-சான்ஸுடையது) தொடங்கினால் சண்டை நின்றுவிடும்.

இரண்டு பேரும் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். இதை எழுதியவர் அடிப்படையில் நகைச்சுவைக்காரர். டேவிட் ரென்விக் இதற்கு முன் பிபிசியில் பிரபலமான ஒரு சிடுசிடுத் தாத்தா நகைச்சுவைத் தொடரை எழுதியவர். ஜொனாதனாக நடித்த ஆலன் டேவிஸ் மேடை நகைச்சுவையிலிருந்து வந்தவர். 2014இல் இங்கே ஊரெல்லாம் புது ஷெர்லாக் ஹோம்ஸ் தொடர்ப் பைத்தியம். நீங்கள் திட்டுகிற அதே பகுதியில் ஒரு பையன் வருவானே, ஆளைப் பார்த்ததும் கடகடவென்று ஊகங்களை அடுக்குவான், அத்தனையும் தப்பாகப் போகும். அந்தக் கிண்டல் வேலை செய்ய வேண்டுமென்றால் சரியான விடை நமக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டாமா?

காற்றாலைக்கும் போனேன். சசெக்ஸில் ஷிப்லி கிராமத்தில் இருக்கிறது, ஒரு காலத்தில் எழுத்தாளர் ஹிலேர் பெல்லாக்குக்குச் சொந்தமானது. வெளியிலிருந்துதான் பார்த்தேன். டிவியில் பார்த்ததைவிடப் பெரியது.

குறுக்குக்கேள்வி (சனி, மாலை 6.18)

எல்லோரும் பக்தர்களாக இருக்கிறீர்களே, ஒருவராவது கேட்க வேண்டாமா? ஒருவனைக் கொல்ல இத்தனை ஏற்பாடு யார் செய்வார்? 1998 கிறிஸ்துமஸ் சிறப்புப் பகுதியில், பனி மூடிய தோட்டத்தில் கணவன் கண்ணெதிரே தன்னைச் சுட்டுக்கொண்டவள், அதற்குப் பல மணி நேரம் முன்பே செத்துவிட்டாள் என்று பிரேதப் பரிசோதனை சொல்கிறது. சரி, பிரமாதம். விடை வரும்போது என் மனைவி சொன்னது: "இதற்குப் பதில் விஷம் வைத்திருக்கலாம்."

சீட்டுக்கட்டு (சனி, மாலை 6.45)

உங்கள் வீட்டில் சொன்னது சரிதான், ஆனால் அது ஜான் டிக்சன் கார் என்கிற நாவலாசிரியரிடமிருந்து வருகிற வியாதி. பூட்டிய அறை மர்மத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை.  இந்த வகைக் கதையில் கொலைகாரன் பாதி மேஜிக்காரன். பிடிக்காவிட்டால் கதையே பிடிக்காது, அவ்வளவுதான்.

அந்தக் கிறிஸ்துமஸ் பகுதியில் ரிக் மேயல் செய்த போலீஸ்காரரை மறந்துவிட்டீர்களே! தொடரிலேயே ஜொனாதனுக்குச் சமமாக ஓடுகிற ஒரே போலீஸ் மூளை அதுதான். மற்ற பகுதிகளில் போலீஸ் சும்மா வாசலில் நாடா கட்டத்தான்.

மேடிகட்சி (சனி, இரவு 8.02)

அந்தப் பகுதியில் மேடி இருந்தாள் என்பதைப் பதிவு செய்கிறேன்.

குறுக்குக்கேள்வி (சனி, இரவு 8.30)

2009 புத்தாண்டுப் பகுதியில் ஓர் அறையில் தங்குகிறவர்கள் எல்லாம் காணாமல் போவார்களே, அதற்கு விடை என்னவென்றால் [நீக்கப்பட்டது]

நெறியாளர் (சனி, இரவு 8.34)

விடை எழுதாதீர்கள் என்று மேலே பெரிதாகப் போட்டிருக்கிறது. விவாதத்தின் தலைப்பே அதுதான், ஐயா.

டஃபிள்கோட் (ஞாயிறு, காலை 8.20)

நெறியாளர் என் வாதத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டார்! விடை சொன்னால் இங்கே நீக்குகிறோம், ரென்விக் சொன்னால் மட்டும் கலையா?

தேம்ஸ்கரை அக்கா, கிண்டல் விஷயம் எனக்குப் புதிது. பார்க்கும்போது அந்தப் பையனை வெறும் எரிச்சலாகத்தான் பார்த்தேன். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இன்னொரு தொடரைக் கிண்டல் செய்ய நம் சாப்பாட்டைக் கொட்ட வேண்டியதில்லை.

தேம்ஸ்கரை (ஞாயிறு, காலை 11.10)

தம்பி, எத்தனை முறை ஒரே சாப்பாடு? அத்தனை பகுதிகளையும் அவர் ஒருவரேதான் எழுதினார், எழுத்தாளர் குழு கிடையாது. வருடக்கணக்கில் இடைவெளி விழுந்ததற்கு எனக்குத் தெரிந்து பெரிய காரணம் அதுதான். நடக்க முடியாததை நடத்திக் காட்டுகிற விஷயம் ஒருவர் மூளையில் எத்தனை இருக்கும்? ஒரு முறை வேறு மாதிரிச் செய்து பார்த்தார். இப்படிச் செய்யுங்கள்: இந்தத் தொடரையே பார்க்காத ஒருவருக்கு அந்த 2014 பகுதியைப் போட்டுக் காட்டிவிட்டு வந்து பேசுங்கள்.

டஃபிள்கோட் (புதன், இரவு 11.48)

செய்தேன். ஊரிலிருந்து மாமனார் வந்திருக்கிறார். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், ஆங்கிலம் நன்றாக வரும். திங்கட்கிழமை 2014 பகுதியைப் போட்டேன். அந்தப் பையன் தப்புத் தப்பாக அடுக்கியபோது விழுந்து விழுந்து சிரித்தார். "நல்லா இருக்கு மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு ஒன்பதரைக்குத் தூங்கப் போய்விட்டார். சரி, அக்காவுக்கு ஒரு புள்ளி.

நேற்று முதல் சீசனின் இரண்டாவது கதையைப் போட்டேன். பூமிக்கடியில் அணுகுண்டுக்குப் பயந்து கட்டிய பதுங்கு அறை, உள்ளிருந்து பூட்டியிருக்கிறது, உள்ளே துப்பாக்கியோடு செத்துக் கிடக்கிறார் ஒரு பழைய நகைச்சுவை நடிகர். ஆனால் மூட்டுவாதத்தால் அவர் விரல்கள் மடங்கவே மடங்காது. சரியாக அந்த இடத்தில் நிறுத்தி, மிச்சம் நாளைக்கு என்றேன்.

ராத்திரி ஒரு மணிக்குக் கதவைத் தட்டினார். கையில் பழைய காலண்டர் தாள், பின்பக்கத்தில் அந்த அறையின் வரைபடம். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று கேட்டார். இன்று காலை காபிக்கு முன்னால் இரண்டாவது வரைபடம் வந்துவிட்டது. இரண்டு விடையும் தப்பு.

மிச்சத்தை நான் இன்னும் போட்டுக் காட்டவில்லை.

சீட்டுக்கட்டு (புதன், இரவு 11.55)

வெள்ளிக்கிழமைக்கு முன் போட்டுவிடாதீர்கள். மூன்றாவது வரைபடத்தைப் படம் எடுத்து இங்கே போடுங்கள்.