மணிமுத்தாறு கோமுகியோட கிளையா? நல்லூரில் யார் யாரோட சேருறாங்க?

முதுகுன்றத்தான், விருத்தாசலம்
மலையடிவாரம் என்பவர் நேத்து போட்ட பதிவுக்குப் பதில் சொல்லாம விட முடியாது. "மணிமுத்தாறு கோமுகியோட கிளை ஆறு. கோமுகி அணை 46 அடி, மணிமுத்தா அணை 36 அடி, இதிலேயே தெரியலையா?" என்று எழுதியிருக்கிறார். தெரியலை ஐயா.

இரண்டுமே கல்வராயன் மலைத் தண்ணீர். கோமுகி கச்சிராயபாளையத்தில் மலையை விட்டு இறங்கி, கள்ளக்குறிச்சியை ஒட்டி வருகிறது. மணி, முத்தா என்ற இரண்டு ஆறுகளும் சேர்ந்து சூளாங்குறிச்சியில் உள்ள மணிமுத்தா அணைக்கு வருகின்றன. நல்லூர் வில்வவனேசுவரர் கோயிலிடம் கோமுகியும் மணிமுத்தாறும் கூடுகின்றன, மயூரா நதியும் அங்கேதான். அதற்குக் கீழே, விருத்தாசலம் தாண்டி, கூடலையாற்றூரில் வெள்ளாற்றில் விழும்வரை ஆற்றுக்குப் பெயர் என்ன? மணிமுத்தாறு. கூடின பிறகு யார் பெயர் நிற்கிறதோ அதுதான் தாய் ஆறு. நல்லூருக்குக் கீழே "கோமுகி" என்று சொல்கிற ஒரே ஒரு ஆளைக் காட்டுங்கள்.

மலையடிவாரம், நெய்வேலி
பேரு வெச்சது யாரு? கீழ இருக்கற ஊர்க்காரங்க. தண்ணி பேரு பார்த்து வராதுங்க. பொட்டியம், கல்படை, மாயம்பாடி, பரிகம்னு மலையில எத்தனை ஓடை கோமுகிக்குன்னு எண்ணிப் பாருங்க. உங்களுக்கு மணி ஒண்ணு, முத்தா ஒண்ணு. அணை 46 அடிக்குக் கட்டியிருக்காங்கன்னா சும்மாவா? வெள்ளத்துக்குப் பயந்து 44 அடியிலேயே நிறுத்தி, மேல வர்றதை அப்படியே ஆத்துல விடறாங்க.

முதுகுன்றத்தான்
மணிமுத்தா அணையையும் 34 அடியில்தான் நிறுத்துகிறார்கள். அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? கொள்ளளவையும் சேர்த்துச் சொல்லுங்கள். கோமுகி 560 மில்லியன் கன அடி. மணிமுத்தா 737. எது பெரிசு?

சங்கராபரணிக்காரன், வில்லியனூர்
அணையின் உயரத்தை வைத்து ஆற்றை அளக்கவே கூடாது. எங்கள் பக்கம் சங்கராபரணி ஆற்றில் வீடூர் அணை 32 அடிதான், கொள்ளுவது 605 மில்லியன் கன அடி. 46 அடி உயரக் கோமுகியைவிட 45 மில்லியன் கன அடி அதிகம். மலை அடிவாரத்தில் பள்ளத்தாக்கு குறுகல், தரைச் சரிவு அதிகம். சுவரை எவ்வளவு உயர்த்தினாலும் தண்ணீர் பின்னால் அதிக தூரம் பரவாது. சமவெளிக்கு வந்துவிட்டால் சரிவு குறைவு, அங்கே ஒரு அடி ஏற்றினாலே நீர்ப்பரப்பு பல மடங்கு விரியும். ஆக 46, 36 என்பது இடத்தின் அமைப்பைச் சொல்லும், ஆற்றின் அளவைச் சொல்லாது.

முதுகுன்றத்தார் சொல்லும் 737-உம் அப்படித்தான். வினாடிக்கு ஆயிரம் கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க வந்தால் 86.4 மில்லியன் கன அடி. அந்த வரத்தில் கோமுகி நிரம்ப ஆறரை நாள், மணிமுத்தா நிரம்ப எட்டரை நாள். தொட்டி பெரிசு என்பதால் குழாயும் பெரிசு என்று ஆகாது. ஒரு பருவத்தில் எத்தனை முறை நிரம்பி வழிந்தது, வழிந்தது எவ்வளவு என்பதையும் கூட்டினால்தான் ஆற்றின் வரத்து தெரியும்.

முதுகுன்றத்தான்
737 பெரிசா, 560 பெரிசா? நேராகப் பதில் சொல்லுங்கள். அப்படியே நல்லூருக்கும்.

மலையடிவாரம்
வில்லியனூர் அண்ணனுக்கு இதுல என்ன வேலை? வீடூரை இங்க இழுக்கறாரு. செஞ்சி மலைத் தண்ணியும் கல்வராயன் மலைத் தண்ணியும் ஒண்ணா?

சங்கராபரணிக்காரன்
உயரம் என்று நீங்கள் ஆரம்பித்ததற்குத்தான் வீடூரைச் சொன்னேன். எது தாய் ஆறு என்று தெரிய வேண்டுமானால் முதலில் எதை வைத்து என்று முடிவு செய்யுங்கள்: நீளமா, நீர்பிடிப்புப் பரப்பா, வரத்தா? மூன்றுக்கும் மூன்று விடை வரலாம்.

நீளம் என்றால் இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தை எடுங்கள். 2 சென்டிமீட்டர் 1 கிலோமீட்டர். நனைத்த நூலை ஆற்றின் வளைவு விடாமல் ஒட்டி வைத்து, பிறகு நீட்டி அளங்கள். தப்பு மூன்று இடத்தில் வரும். ஒன்று, கள்ளக்குறிச்சிக்குச் சற்றுக் கிழக்கே 79 டிகிரி தீர்க்கக்கோடு போகிறது. மலைப்பக்கம் '58 I' என்ற எண்ணுள்ள வரைபடத் தாளில், நல்லூர் '58 M' தாளில். ஓரத்து வெள்ளைத் தாளை மடிக்காமல் ஒட்டினால் அங்கேயே நீளம் கூடிவிடும். இரண்டு, இந்திய நில அளவைத் தாளில் தண்ணீர் உள்ள ஓடை நீலம், வறண்டு கிடக்கும் ஓடை கறுப்பு. நீலத்தை மட்டும் பின்தொடர்ந்தால் மலையின் தலைப்பகுதி முழுக்க விட்டுப்போகும். இரண்டு பேரும் அதைத்தான் செய்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மூன்று, தொடங்கும் இடம். ஊற்றா, மழைநீர் இரு பக்கமும் பிரியும் மேட்டின் உச்சியா? கோமுகிக்கு ஒன்றை வைத்தால் மணிமுத்தாற்றுக்கும் அதையே வையுங்கள்.

முதுகுன்றத்தான்
பாடம் நடத்தியது போதும். நூல் வைத்து அளந்தால் நல்லூருக்குக் கீழே பெயர் மாறிவிடுமா? சுந்தரர் பொன்னை இட்டது மணிமுத்தாற்றில். ஆற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார். கோமுகியில் இடவில்லை.

மலையடிவாரம்
ஆமா, சுந்தரர் வந்து அளந்து குடுத்துட்டாரு.

முதுகுன்றத்தான்
சுந்தரரைக் கிண்டல் செய்வதாக இருந்தால் பேச்சே வேண்டாம்.

கெடிலக்கரை, மஞ்சக்குப்பம்
நீங்கள் இருவரும் சண்டை போடுங்கள், ஆனால் மேலே ஒருவரும் எங்கள் கடலூர்ப் பக்கத்துக் கெடிலம் ஆற்றைச் சொல்லவில்லையே. அதுவும் கல்வராயன் மலை ஆறுதானே?

முதுகுன்றத்தான்
இல்லை. மையனூர்ப் பக்கம் சமவெளியில் தொடங்குவது. தென்பெண்ணையிலிருந்து பிரியும் மலட்டாறு வந்து சேருவதால்தான் வெள்ளக் காலத்தில் அது பெரிய ஆறு மாதிரி தெரிகிறது. மலை ஆறு என்று சொல்லிக்கொள்ள வேண்டாம்.

கெடிலக்கரை
யாரும் பெருமைக்குச் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டேன். விருத்தாசலத்துக்காரர்களிடம் கேள்வி கேட்டாலே இந்தக் கதிதான்.

பரங்கிப்பேட்டை முகத்துவாரம்
கடல்ல விழும்போது அது வெள்ளாறு. வசிட்ட நதி, சுவேத நதி, உங்க ரெண்டு ஆறு எல்லாத்தோட தண்ணியும் எங்க வாசல்லதான் வருது. சேத்தியாத்தோப்பு அணைக்கட்டுல எவ்வளவு திறக்கறாங்கன்னு மட்டும் நாங்க பார்ப்போம். அதுல எது கோமுகி, எது மணிமுத்தான்னு பிரிச்சுக் காட்டுங்க பார்ப்போம்.

சங்கராபரணிக்காரன்
பிரிக்கலாம், நல்லூருக்கு மேலே இரண்டு ஆற்றிலும் தனித்தனியாக அளந்தால். கணினியில் என்றால் நீர்பிடிப்புப் பரப்பு கிடைக்கும். 30 மீட்டருக்கு ஒரு கட்டமாக நில உயரத்தைச் சொல்லும் தரவை எடுத்து, அதிலுள்ள பொய்ப் பள்ளங்களை நிரப்பி, ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணீர் ஓடும் திசையைக் கண்டு, எத்தனை கட்டங்களின் தண்ணீர் வந்து சேருகிறது என்று கூட்டி, நல்லூர்க் கூடலுக்கு ஒரு கட்டம் மேலே இரண்டு ஆற்றிலும் ஒவ்வொரு புள்ளி வைக்க வேண்டும். ஒரு கட்டம் 900 சதுர மீட்டர். கூடலின் மேலேயே புள்ளியை வைத்தால் இரண்டு ஆறும் சேர்ந்த பரப்பு வரும், நிறைய பேர் இங்கேதான் ஏமாறுவது. விண்ணோடத்திலிருந்து அந்தத் தரவை எடுத்தது 2000 பிப்ரவரியில். அணை நீர்ப்பரப்பு அதில் தட்டையாக இருப்பதால் கணினி அங்கே நேர்க்கோடாக ஆற்றை வரையும். சமவெளியில் ஏரிக்கரையும் ஆற்றைத் திருப்பிவிடும். அந்த இடங்களில் வரைபடத்தைப் பார்த்துக் கையால் திருத்த வேண்டும்.

மலையடிவாரம்
அப்ப அளந்தாச்சா? கோமுகிதானே?

சங்கராபரணிக்காரன்
எதை வைத்து என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை.

மலையடிவாரம்
46 அடி.

முதுகுன்றத்தான்
737. அதோடு "மணிமுத்தா", "மணிமுக்தா" என்று ஆளுக்கொரு மாதிரி எழுதுவதை நிறுத்துங்கள். முத்தா என்பதே முக்தா என்பதன் தமிழ் வடிவம். திருநெல்வேலியில் தாமிரபரணியில் சேரும் மணிமுத்தாறு வேறு. தேடுகிறவர்கள் அந்த அணையின் உயரத்தையும் இதன் உயரத்தையும் போட்டுக் குழப்புகிறார்கள். நேற்றைய பதிவில் ஒட்டியிருந்த படம்கூட அந்த அணைதான்.

மலையடிவாரம்
படம் மாறிப்போச்சு, கணக்கு மாறல.

முதுகுன்றத்தான்
படத்தையே மாற்றிப் போட்டவர் கணக்கை எப்படிச் சரியாகப் போட்டிருப்பார்? மேமாத்தூர் அணைக்கட்டு எந்த ஆற்றில் இருக்கிறது? மணிமுத்தாற்றில். விருத்தாசலம் அணைக்கட்டு? மணிமுத்தாற்றில். கோமுகியில் சோமண்டார்குடித் தடுப்பணை இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். அது நல்லூருக்கு வெகு மேலே. கீழே ஒன்று காட்டுங்கள்.

மலையடிவாரம்
மலை மேல இருக்கு. கீழ எதுக்குக் காட்டணும்?

கெடிலக்கரை
மையனூர்ப் பக்கம் சமவெளி என்றீர்களே, அந்தச் சமவெளிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

முதுகுன்றத்தான்
கெடிலத்துக்குத் தனியாகப் பேச்சு ஆரம்பித்துக்கொள்ளுங்கள். இது நல்லூரைப் பற்றியது. நல்லூருக்குக் கீழே அதன் பெயர் என்ன? இன்னும் யாரும் சொல்லவில்லை.

பரங்கிப்பேட்டை முகத்துவாரம்
வெள்ளாறு.

முதுகுன்றத்தான்
கூடலையாற்றூருக்குக் கீழேதான் அது வெள்ளாறு! நான் கேட்டது நல்லூருக்குக் கீழே.