உயிர்ப்புலம்: ஒரு சொல்லுக்கான வாதம்

ஐயா, வணக்கம்.

எந்த உயிர்கள் எங்கே வாழ்கின்றன என்று பார்க்கும் உயிர்ப்புவியியலில் உலகைப் பிரிக்கும் பெரிய கூறுகளுக்கு (ஆங்கிலத்தில் realm) 'உயிர்ப்புவி மண்டலம்' போதும் என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்தச் சொல் ஒட்டவில்லை. காரணத்தைச் சொல்கிறேன், பிழையிருந்தால் திருத்துங்கோ.

மண்டலம் என்றதும் பிள்ளைகளுக்கு வெப்ப மண்டலம், குளிர் மண்டலம்தான் நினைவுக்கு வரும். இங்கே பாடநூல்கள் வலயம் என்று எழுதுகின்றன. இலங்கையின் வடக்கே உள்ள எங்கள் வன்னி உலர் வலயம். இரண்டுமே மழையையும் வெயிலையும் பார்த்துக் கோடு போடும் சொற்கள். 1858இல் ஆங்கிலேயப் பறவையியலாளர் ஸ்கிளேட்டர் பறவைகளை வைத்து உலகை ஆறாகப் பிரித்தார். 1876இல் இயற்கையியலாளர் வொலஸ் அதையே மற்ற விலங்குகளுக்கும் விரித்து நிறுவினார். இருவரும் பார்த்தது மழையை அல்ல, எந்த உயிர்கள் எங்கே ஒன்றாகக் குடியிருக்கின்றன என்பதை. அவுஸ்திரேலியாவின் வடக்கிலும் எங்களைப் போலவே மாதக்கணக்கில் வரட்சி, பிறகு பெருமழை. ஆனால் அங்கே புல் மேய்வது கங்காரு, இங்கே மானும் மரையும். வானம் ஒரே மாதிரி, குடிகள் வேறு.

இதைப் பிள்ளைகளுக்கு விளக்க நான் எடுத்துக்கொள்வது இரண்டு நீரிணைகளை. இந்தோனேசியாவின் பாலித் தீவுக்கும் லொம்பொக் தீவுக்கும் இடையில் உள்ள கடல் தென்முனையில் ஏறத்தாழ 20 கிலோமீற்றர்தான் அகலம். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் ஏறத்தாழ 30. ஆனால் குறுகலான அந்தக் கடல்தான் உயிர்களைப் பிரித்தது. பாலியில் குக்குறுவானும் மரங்கொத்தியும் கண்ட வொலஸ், லொம்பொக்கில் இறங்கியதும் கொண்டைக்கிளிகளைக் கண்டார். எங்கள் கடல் அப்படிப் பிரிக்கவில்லை. காரணம் ஆழம். 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, கடல்மட்டம் இன்றையதைவிட ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. பாக்குநீரிணை தரையாகக் கிடந்தது. யானை நடந்தே வரலாம். லொம்பொக் நீரிணையிலோ அப்போதும் தண்ணீர் நின்றது. தலைமன்னார்க் கரையில் நின்று மணல்திட்டுகளைப் பார்த்த பிள்ளைக்கு இதை இரண்டாம் தரம் சொல்லத் தேவையில்லை. ஒட்டுசுட்டான் காட்டில் நிற்கும் பாலையும் வீரையும்தான் உங்கள் புதுச்சேரிப் பக்கத்துக் கோயிற்காடுகளிலும் நிற்கின்றன. நடுவில் கடல் இருந்தும் அது ஒரே குடி. இந்தப் பொருளை 'மண்டலம்' தாங்குமா ஐயா?

'இராச்சியம்' வேண்டாம். விலங்கிராச்சியம், தாவர இராச்சியம் என்று வகைப்பாட்டியலில் அது ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டது.

'உலகம்' என்ற சொல்லில் எனக்கு ஆசை இருந்தது. தொல்காப்பியர் முல்லையைக் காடுறை உலகம் என்கிறார், குறிஞ்சியை மைவரை உலகம் என்கிறார். நிலத்தையும் அதில் வாழ்வதையும் சேர்த்துக் காணும் பார்வை அது. இதைவிட நெருக்கமான சொல் தமிழில் இல்லை. ஆனால் இன்று உயிருலகம் என்றால் பூமியின் மொத்த உயிர்களும் என்றே பொருள்படும். மனமில்லாமல்தான் விடுகிறேன்.

என் முன்மொழிவு 'உயிர்ப்புலம்'. புலம் என்றால் இடம், நிலம்; வடபுலம், தென்புலம் என்பது பழைய வழக்கு. அதைவிட முக்கியமாக, 'புலம்பெயர்ந்தோர்' என்ற சொல் தெரியாத வீடு வன்னியில் இல்லை. புலம் என்பது வெறும் தரையல்ல, வேர்விட்ட இடம் என்பதை இங்கே ஒருவருக்கும் விளக்க வேண்டியதில்லை. காந்தப்புலத்தோடு குழம்பும் என்று நீங்கள் சொல்லக்கூடும். முன்னால் 'உயிர்' நிற்பதால் குழம்பாது என்றே நம்புகிறேன்.

உயிர்ப்புலத்துக்குள் வரும் சிறு சூழற்கூறுகளுக்கு (ecoregion) எங்கள் ஊர்ச்சொல் ஒன்று இருக்கிறது: பற்று. கரைதுறைப்பற்று, பனங்காமப்பற்று என்று வன்னியைப் பிரித்த சொல். 'உயிர்ப்பற்று' என்றால் உயிர்மேல் ஆசை என்று ஆகிவிடும். 'சூழற்பற்று' என்றால் சரிவரும். இலங்கையின் உலர் பசுமைமாறாக் காடுகள் ஒரு சூழற்பற்று, அது இந்தோ-மலாய உயிர்ப்புலத்தில் அடங்கும். வொலஸ் அந்தப் புலத்துக்கு வைத்த Oriental என்ற பெயர் கீழைத்தேயம் என்ற பொருளுடையது. அது ஐரோப்பாவில் இருந்து பார்த்தால்தான் கிழக்கு. நாங்கள் அதன் உள்ளே இருக்கிறோம், அப்பெயரைத் தமிழில் எடுக்க வேண்டாம்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். மன்னாரில் நிற்கும் பெருக்கமரம் (baobab) ஆபிரிக்கப் புலத்துக்குரியது. அராபிய வணிகர் கொண்டுவந்தது என்பார்கள். இத்தகையவற்றுக்கு 'வந்தேறி இனம்' என்று சிலர் எழுதுகிறார்கள். அந்தச் சொல்லை எழுத எனக்குக் கை வரவில்லை. மனிதரைப் பார்த்து வசையாகச் சொல்லிச் சொல்லிப் புண்ணான சொல் அது. அந்த மரம் தானாக ஏறியும் வரவில்லை. 'பிறபுலத்து மரம்' என்றால் உண்மையும் கெடாது, ஒருவருக்கும் நோகாது. மற்றவற்றை நெருக்கி அழிக்கும் இனங்களுக்கு மட்டும் 'ஆக்கிரமிப்பு இனம்' இருக்கட்டும்.

ஓர் இனம் எங்கெங்கே காணப்படுகிறது என்பதற்குப் 'பரவல்' என்று நீங்கள் எழுதுவதை நாங்கள் 'பரம்பல்' என்போம். குடித்தொகைப் பரம்பல் என்று பள்ளியிலிருந்தே பழகியது. பரவல் என்றால் நோய் பரவுவதுபோலத் தோன்றுகிறது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

எனக்கு முடிச்சு அவிழாதது வடக்கே உள்ள பெரும்புலம். ஐரோப்பா, ஆசியாவின் வடபாதி, சகாராவுக்கு வடக்கே உள்ள ஆபிரிக்கா எல்லாம் சேர்ந்தது. ஆங்கிலத்தில் Palearctic. 'பழைய வடபுலம்' என்றால் சொல்லுக்குச் சொல் சரி, ஆனால் எதைவிடப் பழையது? அமெரிக்கா புதிது என்பதும் அங்கே போய் இறங்கியவர்களின் கணக்குத்தானே. 'யூரேசியப் புலம்' என்றால் வட ஆபிரிக்காவும் விடுபடும், தென்னாசியாவும் உள்ளே வந்துவிடும். மாரி தொடங்கினால் அங்கிருந்துதான் ஊசிவால் வாத்துகள் வங்காலைக்கும் சுண்டிக்குளத்துக்கும் வலசை வரும். அதற்குள் ஒரு பெயர் கிடைத்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டும்போது சொல்லலாம். உங்களிடம் ஏதும் இருந்தால் எழுதுங்கோ ஐயா.