பாராகானின் வண்ணச் சுவர் வண்ணாரப்பேட்டைக்கு ஒத்துவருமா?

வண்ணைவாசி:
பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டின் அகலம் 14 அடி. இரு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர்கள் ஒட்டி நிற்பதால், பட்டப்பகலிலும் கூடத்தில் குழல்விளக்கு எரிந்தாக வேண்டும். கட்டடக்கலை படிக்கும் தங்கை மகள் மெக்சிகோவின் லூயிஸ் பாராகான் கட்டிய வீடுகளின் படங்களைக் காட்டியதிலிருந்து, அந்த ரோஜா நிறச் சுவர் என் கண்ணைவிட்டு அகலவில்லை. மேஸ்திரியோ இரண்டு கோட்டிங் அடித்தால் தீர்ந்தது என்கிறார். பாராகானின் வேலை வெறும் வண்ணம்தானா?

பெரம்பூர் வரைவாளர்:
வண்ணம் அவரிடம் கடைசியில் வருவது, ஐயா. 1902இல் குவாதலஹாராவில் பிறந்து பொறியியல் படித்த அவர், 1948இல் மெக்சிகோ நகரின் தகுபாயாவில் தமக்கெனக் கட்டிக்கொண்ட வீடு, தெருவிலிருந்து பார்த்தால் யாரும் திரும்பிப் பார்க்காத மொட்டைச் சுவர். மொட்டைமாடியிலோ ஆளுயரத்துக்கு மேல் சுவரெழுப்பி, அக்கம்பக்கத்தை மறைத்து, வானத்தை மட்டும் விட்டுவைத்தார். 1980இல் கட்டடக்கலையின் மிக உயர்ந்த விருதான பிரிட்ஸ்கர் பரிசு பெற்றார். 2004இல் அந்த வீடு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

உங்களுக்குப் பொருந்துவது 1970களில் அவர் கட்டிய ஹிலார்தி வீடு. அதுவும் ஒடுங்கிய நீள மனைதான். மனையில் நின்ற, ஊதாப் பூப் பூக்கும் ஹகரந்தா (ஜகரண்டா) மரத்தை வெட்டாமல் அதைச் சுற்றி முற்றம் விட்டார். நடைவழியின் ஒரு பக்கத்தில் மஞ்சள் பூசிய கண்ணாடிக் கீற்றுகள். நடை முடியும் இடத்தில், சாப்பாட்டு அறைக்குள்ளேயே ஒரு குளம். கூரைத் திறப்பின் வழியே வெயில் நீலச் சுவரில் சாய்ந்து இறங்கி நீரைத் தொடுகிறது. வெளிச்சம் விழாத சுவரில் ரோஜா நிறம் அடித்தால் அழுக்காகத்தான் தெரியும். உங்கள் வீட்டில் முற்றம் இருந்து, பின்னால் மூடிவிட்டார்களா?

காசிமேட்டுக் கரை:
வரைவாளர் ஐயா சொல்வது சரி. ஆயினும் மெக்சிகோ நகரம் கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது, நம் ஊர் அப்படியல்ல. மேலே கண்ணாடி மட்டும் போட்டு மூடினால் சித்திரையில் கூடம் அடுப்பாகிவிடும்; ஆகவே பக்கவாட்டில் காற்று போக வழி விட்டு, ஐப்பசி மழைச்சாரல் உள்ளே தெறிக்காதபடி கூரையை நீட்டிக்கொள்ளுங்கள். கடற்காற்றில் உப்புப் பூத்த சுவரைச் சுரண்டி மறுபூச்சு பூசாமல் பெயிண்ட் அடித்தால் ஓராண்டுக்குள் பொரிந்து உதிரும், எங்கள் வீட்டிலேயே பட்டிருக்கிறோம். அவர் வீட்டுக் கைப்பிடியில்லா மரப்படிக்கட்டைப் பார்த்து ஆசைப்பட்டுவிடாதீர்கள். பிள்ளையில்லாத தனியாளுக்கு அது சரி. மேலும் மெக்சிகோ நகரின் பெத்ரேகால் பகுதியின் எரிமலைப் பாறைநிலத்தைச் செல்வர்களுக்கான மனைகளாக்கி விற்றவரும் அவரே என்பதால், அவருடைய எளிமை மலிவானதன்று.

வண்ணைவாசி:
முற்றம் இருந்தது, என் சிறுவயதில் அப்பா மழைக்குப் பயந்து தகரம் வேய்ந்துவிட்டார். நேற்று மேஸ்திரி முணுமுணுத்துக்கொண்டே இரண்டு தகடுகளைக் கழற்றினார். பதினொன்றரை மணிக்கு, சமையற்கட்டை ஒட்டிய மேற்குச் சுவரில் முறத்தளவு வெயில் விழுந்தது. பாட்டி ஊறுகாய்த் தட்டைக் கொண்டுவந்து அதில் வைத்துவிட்டார். பெயிண்ட் டப்பாவை இன்னும் திறக்கவில்லை.