'என் சரித்திரம்' கட்டுரைக்குப் பத்துக்கு நான்கு: நியாயமா?

கோபி மாணவி:
இளங்கலைத் தமிழ், மூன்றாம் ஆண்டு. பிடித்த தன்வரலாறு ஒன்றைப் பற்றி இணையக் கலைக்களஞ்சியத்தில் உள்ள கட்டுரையைப் படித்து மதிப்பிடச் சொன்னார்கள். நான் உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' எடுத்தேன். பத்துக்கு நான்கு போட்டேன். வகுப்பில் பாதிப் பேர் சண்டைக்கு வந்துவிட்டார்கள், அதனால் இங்கே கேட்கிறேன்.

கட்டுரையின் முதல் வரியே 'உ.வே.சா.வின் முழு வாழ்க்கையையும் சொல்லும் நூல்' என்கிறது. இது தப்பு என்று எனக்குத் தெரிந்ததே ஒரு விபத்து. கொங்குவேளிர் எழுதிய பெருங்கதை என்ற பழங்காப்பியத்தை உ.வே.சா. 1924இல் பதிப்பித்தார். கொங்குவேளிருக்கு நம் கொங்கு நாட்டு விஜயமங்கலம்தான் ஊர் என்பார்கள். அந்தப் பதிப்பின் கதையை அவர் வாயால் கேட்கலாம் என்று 122 அத்தியாயங்களையும் புரட்டினேன். இல்லை! ஏனென்றால் நூல் 1898இல் மணிமேகலை அச்சான காலத்தைத் தாண்டிப் போகவே இல்லை. 1940 ஜனவரியில் ஆனந்த விகடனில் தொடங்கிய தொடர், 1942 ஏப்ரலில் அவர் மறைந்ததும் நின்றுவிட்டது. 1903இல் கும்பகோணத்தை விட்டுச் சென்னை மாநிலக் கல்லூரிக்குப் போனதுகூட உள்ளே கிடையாது. 87 வயது வரை இருந்தவரின் கடைசி நாற்பது ஆண்டுகள் இல்லாத நூல் எப்படி முழு வாழ்க்கை ஆகும்?

அடுத்தது, அடிக்குறிப்பு எல்லாமே அதே புத்தகத்தின் பக்க எண்கள். அவரைப் பற்றி அவரே சாட்சி.

மஞ்சள்மண்டி:
ஏனுங்க அம்மிணி, மண்டியில் ஒரு விரலி மஞ்சளை உடைத்து நிறம் பார்த்துத்தான் மூட்டைக்கு விலை சொல்வோம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உடைத்தது ஒரு சொத்தையாக இருந்தால் இன்னொன்றை எடுத்து உடைப்போம். நீங்கள் முதல் வரியிலேயே மூட்டையைத் தள்ளிவிட்டீர்கள். எவனோ ஒருவன் பைசா வாங்காமல் ராத்திரி உட்கார்ந்து எழுதியது அது. தப்பு தெரிந்தால் திருத்துங்கள். மார்க் எதற்கு?

கோபி மாணவி:
இரண்டாவதையும் உடைத்துத்தான் பார்த்தேனுங்க. 21-10-1880, வியாழக்கிழமை. கும்பகோணத்துக்கு முன்சீப்பாக (நீதிபதியாக) வந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்க உ.வே.சா. போகிறார். தான் படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று அடுக்குகிறார். முதலியார் அசையவே இல்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்று கேட்கிறார். இவருக்குப் பதில் இல்லை. இந்த நூலே அந்த இடத்தில்தான் திரும்புகிறது. கட்டுரையில் 'ஒரு நண்பரின் தூண்டுதலால்' என்று மூன்றே சொல். பெயர்கூட இல்லை.

மஞ்சள்மண்டி:
சேலத்துக்காரர் பெயரையே விட்டுவிட்டார்களா? அதற்கு மட்டும் ஒரு மார்க் குறைத்துக்கொள்ளுங்கள். (சேலம் கொங்கில் சேருமா என்று யாரும் இங்கே தொடங்க வேண்டாம், போன மாதம் பட்டது போதும்.)

திருச்செங்கோடு வாத்தியார்:
கண்ணு, உனக்கு அந்த நூல் மேல் பிரியம் அதிகம். அதுதான் சிக்கல். கலைக்களஞ்சியக் கட்டுரை அந்தக் காட்சியை நடித்துக் காட்ட வேண்டியதில்லை. பெயரும் தேதியும் போதும். அப்புறம், நூலில் என்ன இருக்கிறது என்று சொல்ல அந்த நூலையே சான்று காட்டுவதில் குற்றமே இல்லை. அந்தக் குறையை நீ வாபஸ் வாங்கத்தான் வேண்டும்.

ஆனால் நீ கவனிக்காத ஒன்று இருக்கிறது. 'அழிந்துகொண்டிருந்த பழந்தமிழ் நூல்களைத் தனியொருவராக மீட்டார்' என்று கட்டுரை எழுதுகிறதே, அதற்கு அவர் புத்தகம் சான்றாகாது. சிந்தாமணியை இவர் பதிப்பித்தது 1887இல். அதே ஆண்டில்தான் சி.வை. தாமோதரம் பிள்ளை கலித்தொகையை வெளியிட்டார். வீரசோழியம் என்ற இலக்கண நூலை அதற்கும் முன்னால், 1881இல். யாழ்ப்பாணத்துக்காரர் உழைப்பை ஒரே சொல்லில் துடைத்துவிட்டார்களே. உன் நான்கு மார்க்கில் இதற்குக் கணக்கே இல்லை.

பவானிக்கரை:
ஐயா, அது பதிப்பு வரலாறு. அதற்குத் தனிக் கட்டுரை இருக்கட்டும். ஒரு புத்தகத்தைப் பற்றிய கட்டுரையில் ஊர்ப்பட்ட பெயரையெல்லாம் இழுத்தால் முடிவே இருக்காது.

கோபி மாணவி:
எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் தாமோதரம் பிள்ளை நூலுக்குள்ளேயே வருகிறாரே! சிந்தாமணியைத் தான் பதிப்பிப்பதாகச் சொல்லி உ.வே.சா.விடம் இருந்த பிரதியைக் கேட்கிறார், இவர் கொடுக்க மனமில்லாமல் தவிக்கிறார். அந்தப் பக்கங்களில் நமக்குக் கேட்பது ஒருவர் குரல் மட்டும்தான். 'இது ஒரு தரப்பு' என்று ஒரு வரி போட்டால் போதாதா? வாத்தியார் ஐயா, அடிக்குறிப்பு பற்றி நான் சொன்னதில் பாதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மீதிப் பாதி நீங்கள் சொன்ன இடத்தில் நிற்கிறது.

இன்னொன்றும் விடுபட்டிருக்கிறது. சைவரான மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர், சமணக் காப்பியமான சிந்தாமணி புரியவில்லை என்று கும்பகோணத்துச் சமணர்களிடம் போய்ப் பொருள் கேட்டாரே. எனக்கு அந்த நூலிலேயே மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

பவானிக்கரை:
பிடித்த பகுதி எல்லாம் கட்டுரையில் வர வேண்டும் என்றால் 122 அத்தியாயத்தையும் ஏற்ற வேண்டியதுதான்.

கோபி மாணவி:
சரி, இதைக் கேளுங்கள். நேற்று ராத்திரி முதல் வரியைத் திருத்தினேன். காலையில் பார்த்தால் 'சான்று இல்லை' என்று யாரோ பழையபடி மாற்றிவிட்டார். கடைசி அத்தியாயத்தைச் சான்றாகக் காட்டி மறுபடியும் போட்டேன். இப்போது வரை நிற்கிறது.

திருச்செங்கோடு வாத்தியார்:
பார்த்தாயா, அதற்கு அந்தப் புத்தகமேதான் உதவியது.

பவானிக்கரை:
அப்போது நான்கு ஐந்தாகுமா?

கோபி மாணவி:
நான் எழுதின வரிக்கு நானே எப்படிங்க மார்க் போடுவது?

மஞ்சள்மண்டி:
நான் போடுகிறேன் அம்மிணி. நாலரை. முதலியார் பெயர் இன்னும் ஏறவில்லையே.