பால் இல்லாத புரத ஷேக்: பொட்டுக்கடலையா, பட்டாணிப் பவுடரா?

மாடிப்படி: பால் குடித்தால் வயிறு உப்புகிறது, அதனால் காலையில் இரண்டு பெரிய ஸ்பூன் பொட்டுக்கடலை மாவும் வாழைப்பழமும் அடித்துக் குடிக்கிறேன். இது போதுமா, இல்லை பட்டாணி புரதப் பவுடருக்கு மாறட்டுமா?

சுண்டல்பிரியன்: 100 கிராம் பொட்டுக்கடலையிலேயே புரதம் சுமார் 20 கிராம்தான், உங்கள் இரண்டு ஸ்பூனில் 4 கிராம் தேறினால் பெரிது. பட்டாணி ஐசோலேட்டில், அதாவது புரதத்தைப் பிரித்தெடுத்த பவுடரில், அதே 100 கிராமுக்கு 80 கிராம் வரை இருக்கும், என்ன, மெத்தியோனின் என்கிற அமினோ அமிலம் (புரதத்தின் ஒரு கூறு) கொஞ்சம் குறைவு. அன்றைக்கு இட்லியோ சோறோ சாப்பிட்டால் அரிசி அதை ஈடுகட்டிவிடும். பவுடரின் ருசி மட்டும் மண் மாதிரி.

ராகிக்கூழ்: சோயாவை விட்டுவிட்டீர்களே! புரதத்தின் தரம் பாலுக்குக் கிட்டத்தட்ட சமம். பச்சையாக அரைத்துவிடாதீர்கள், செரிமானத்தைத் தடுக்கும் பொருள் அதில் உண்டு, நன்றாக வேகவைத்தால்தான் அடங்கும்.

மாடிப்படி: வெறும் 4 கிராமா! சரி, இன்றிரவே சோயா ஊறவைக்கிறேன்.